‘சரவணபவ’ ஜபம்: எதிரில் நிற்பவர் உடன்பிறந்தவர் என்றால் வெற்றி வேண்டலாமா?

கேள்வி

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். முருகப்பெருமானின் ஆறெழுத்து மந்திரத்தை ஜபிப்பது குறித்து என் மனத்தில் எழுந்துள்ள ஐயங்களை இங்கே வைக்கிறேன். நூலறிவும் அனுபவமும் உள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

என் தாயார் இருந்தவரை ஒவ்வொரு நாளும் விடியலில் விளக்கேற்றிவிட்டு, கிழக்கு நோக்கி அமர்ந்து, ஒரு பழைய உருத்திராட்ச மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய ‘ஓம் சரவணபவ’ என்று ஜபிப்பார். அந்த மாலையின் நூல் ஓரிடத்தில் அறுந்துபோனதால், தம் சேலையிலிருந்து உருவிய அரக்கு நிற இழையால் அவரே முடிச்சுப் போட்டிருந்தார். மணியைத் தள்ளிக்கொண்டே வரும்போது அந்த முடிச்சு விரலில் இடறும். அவர் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்வார். அவர் மறைந்தபின் மாலை என்னிடம் வந்தது. கடந்த ஓராண்டாக நானும் அதே மந்திரத்தை ஜபித்து வருகிறேன். எனக்கு யாரும் முறையாக உபதேசம் செய்யவில்லை. அம்மா சொல்லக் கேட்டதுதான்.

நான் ஜபத்தைத் தொடங்கிய காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தந்தையாரின் சொத்தில் எனக்குரிய பாகத்தைக் கேட்டு, என் ஒரே அண்ணன்மீது பாகப்பிரிவினை வழக்குத் தொடர்ந்திருக்கிறேன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் என் மகனுக்குக் காது குத்தினோம். இன்று வாய்தா தோறும் நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கிறோம். உறவினர் ஒருவர், “முருகன் தேவசேனாபதி, போரில் வெற்றி தருபவன், அண்ணனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிச் சத்ரு சம்ஹார அர்ச்சனை செய்துவிடு, வழக்கு உன் பக்கம் திரும்பும்” என்றார். கோயிலுக்கும் போனேன். அர்ச்சகர் பெயரைக் கேட்டபோது அண்ணன் பெயர் என் நாவில் வரவில்லை. மகனின் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்துகொண்டு திரும்பிவிட்டேன். அன்றுமுதல் ஜபத்தில் அமர்ந்தால் அவர் முகமே எதிரில் வந்து நிற்கிறது.

உபதேசம் பெறாமல் இந்த மந்திரத்தை ஜபிப்பது தவறா? எத்தனை உரு (எத்தனை தடவை), எந்த முறையில் ஜபிக்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலாக, கூடப் பிறந்தவரை எதிரில் வைத்துக்கொண்டு போர்க்கடவுளிடம் வெற்றி கேட்பது பாவமா?

மறுமொழி 1

அம்மா, தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மந்திரத்தை ஜபித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அர்ச்சனையிலே சொல்லப்படுவது வேண்டிக்கொள்பவரின் பெயரும் நட்சத்திரமும்தான். யாருக்குக் காப்பு வேண்டுமோ அவருக்காகவே சங்கல்பம், அதாவது வேண்டுதலைச் சொல்லி உறுதிகொள்வது, செய்யப்படுகிறது. சத்ரு சம்ஹார திரிசதி என்பது முந்நூறு நாமங்களைச் சொல்லி மலரிடும் வழிபாடு. அதில் எதிராளியின் பெயரைச் சேர்க்க இடமே இல்லை. தங்கள் உறவினர் அறியாமல் சொல்லிவிட்டார். அண்ணன் பெயர் நாவில் வராமல் போனதைத் தாங்கள் குறையாக எண்ணவே வேண்டாம். மகனின் பெயரில் செய்ததே முறைப்படி அமைந்த அர்ச்சனை.

மந்திரத்தின் பொருளை அறிந்துகொண்டு ஜபித்தால் மனம் எளிதில் நிற்கும். சரம் என்றால் நாணல். சரவணம் என்பது நாணற்காடு. பவ என்பது தோன்றியதைக் குறிக்கும். நெற்றிக் கண்ணிலிருந்து எழுந்த ஆறு பொறிகளும் கங்கை வழியாக வந்து, நாணல் அடர்ந்த பொய்கையில் ஆறு குழந்தைகளாயின. கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டி வளர்த்தனர். ஆகவே ‘சரவணபவ’ என்பது நாணற்காட்டில் தோன்றியவனே என்று ஒரு குழந்தையை விளிக்கும் பெயர். சற்று எண்ணிப் பாருங்கள்: தேவர் படைக்குத் தலைமை தாங்கிய பெருமானுக்கு நாம் சொல்லும் மூல மந்திரத்தில் வேலும் இல்லை, போரும் இல்லை, பிறந்த இடமே இருக்கிறது. எனக்கு இது முதலில் புரிந்த நாளில் வெகுநேரம் எழுந்திருக்காமல் அமர்ந்திருந்தேன்.

ச, ர, வ, ண, ப, வ என்பவையே ஆறு எழுத்துகள்; முன்னால் வரும் ஓம் அந்தக் கணக்கில் சேராது. அவசரத்தில் ‘சரணபவ’ என்று ‘வ’ விழுங்கப்படுவது பலருக்கும் நேர்கிறது. முதல் மாலையை மட்டுமாவது ஒவ்வோர் எழுத்தும் காதில் விழும்படி நிதானமாகச் சொல்லுங்கள்.

ஜபத்தை மூன்று வகையாகப் பெரியோர் பிரித்திருக்கிறார்கள். பிறர் காதில் விழும்படி சொல்வது வாசிகம். உதடு மட்டும் அசைவது உபாம்சு. உதடும் அசையாமல் உள்ளத்துக்குள் ஓடுவது மானசம். தங்கள் தாயார் செய்தது உபாம்சு. மானசமே உயர்ந்தது என்பார்கள். ஆனால் மனம் கலங்கியிருக்கும் காலத்தில் நேரே மானசத்துக்குப் போனால், ஐந்தாவது மணியிலேயே மனம் வழக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். எனவே முதல் மாலையை வாய்விட்டும், அடுத்ததை உதட்டளவிலும், மூன்றாவதை மனத்துக்குள்ளும் செய்து பாருங்கள். எனக்கு இன்றுவரை அந்தப் படிமுறைதான் கைகொடுக்கிறது.

மாலையை நடுவிரலிலோ மோதிர விரலிலோ தாங்கி, கட்டை விரலால் ஒவ்வொரு மணியாகத் தள்ள வேண்டும். சுட்டுவிரல் மாலையில் படக் கூடாது. மாலையின் தலைமணியாகிய மேருமணி வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மாலையில் 108 மணி இருந்தாலும் 100 என்றே கணக்கு வைப்பது வழக்கம். எஞ்சிய எட்டும் இடையிலே நேரும் தவறுகளுக்கு ஈடு. ஓர் உருவுக்கு இரண்டு நொடி என்று கொண்டால் ஒரு மாலைக்கு நான்கு நிமிடம் கூட ஆகாது. பத்து மாலைக்கு நாற்பது நிமிடத்துக்கு உள்ளாகவே முடியும். எழுத்துக்கு ஒரு லட்சம் என்பது பழைய கணக்கு. ஆறெழுத்துக்கு ஆறு லட்சம். நாளைக்குப் பத்து மாலை, அதாவது ஆயிரம் உரு என்று வைத்தால் 600 நாளில் நிறைவேறும். இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். ‘உரு ஏறத் திரு ஏறும்’ என்பது நம் வழக்கு. நாளைக்கு மூன்று மாலை என்று தொடங்கி, எந்த நாளும் விடாமல் செய்வது, ஒருநாள் முப்பது மாலை செய்துவிட்டு மறுவாரம் விட்டுவிடுவதைக் காட்டிலும் மேலானது. வாய்தாவுக்குப் போகும் பேருந்திலே மாலையை வெளியில் எடுக்க வேண்டியதில்லை. நான்கு விரல்களில் பன்னிரண்டு கணுக்கள். ஒன்பது சுற்று எண்ணினால் 108 ஆகிவிடும்.

தாங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நூல் நைந்த மாலை ஜபத்தின் நடுவில் அறுந்து மணிகள் சிதறினால் மனம் வீணாகச் சஞ்சலப்படும். நல்ல நூலில் புதிதாகக் கோத்துவிடுங்கள்.

அண்ணன் முகம் வருவதைப் பற்றி: அதை விரட்ட முயலாதீர்கள். முகம் வந்தால் வரட்டும். விரல் அடுத்த மணிக்கு நகரட்டும். அந்த முகத்தோடு பேச்சைத் தொடங்கினால் மட்டுமே ஜபம் நிற்கிறது.

மறுமொழி 2

முதல் மறுமொழியில் உபதேசம் பற்றிய கேள்விக்கு விடை வரவில்லை என்பதால் எழுதுகிறேன். மந்திரம் என்பது குருவின் வாயிலிருந்து சீடரின் செவிக்கு வர வேண்டியது என்பதே எங்கள் குடும்பத்தில் கற்பிக்கப்பட்ட மரபு. மந்திரத்துக்கு அதைக் கண்ட ரிஷி, அதன் யாப்பாகிய சந்தஸ், அதற்குரிய தேவதை என்ற வரையறை உண்டு. மந்திரம் சொல்லிக் கைவிரல்களையும் உடலுறுப்புகளையும் தொடும் கரநியாசம், அங்கநியாசம் உண்டு. அறுகோணச் சக்கரத்தில் எழுத்துகளை நிறுத்தும் முறை உண்டு. பீஜாட்சரங்கள் என்னும் வித்தெழுத்துகளை முன்னும் பின்னும் சேர்த்துச் சொல்லும் பிரயோகங்களும் இருக்கின்றன. இவற்றை அச்சிட்ட தாளிலோ காணொளியிலோ பார்த்துத் தாமாகச் செய்வதை நான் ஏற்கவில்லை. குறிப்பாக, ஒரு பயனைக் கருதி, ஓர் எதிரியைக் கருதி இவற்றைச் செய்யத் தூண்டுபவர்களிடமிருந்து விலகியிருங்கள்.

ஆனால் சகோதரி செய்து வருவது இந்த வகையில் சேராது. ‘ஓம் சரவணபவ’ என்று நியாசமும் பீஜமும் இல்லாமல் அன்போடு சொல்வது நாமஜபம். ‘முருகா’ என்று அழைப்பதற்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும்? அதிலும் தாயின் உதட்டைப் பார்த்துக் கற்றதை உபதேசம் இல்லை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கந்த சஷ்டி கவசத்தின் இறுதிப் பகுதியில் தேவராய சுவாமிகள், தம் குறைகளையும் பிழைகளையும் சொல்லிவிட்டு, ‘பெற்றவன் நீகுரு பொறுப்பது உன்கடன்’ என்று முருகனையே பெற்றவனாகவும் குருவாகவும் வைத்துப் பேசுகிறார். தந்தைக்கே பிரணவப் பொருள் உரைத்த சுவாமிநாதனைக் குருவாகக் கொண்டு தொடருங்கள். பின்னாளில் ஒரு நல்ல குரு அமைந்தால் முறைப்படி பெற்றுக்கொள்ளலாம்.

மறுமொழி 3

தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அம்மையாரின் மூன்றாவது கேள்வி என்னை விட்டு அகலவில்லை. போர்க்கடவுளிடம் வெற்றி வேண்டுவது என்றால் நம் மரபில் அதன் பொருள் என்ன என்பதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும்.

வெற்றிக்கு நம் மொழியில் கொற்றம் என்று ஒரு பெயர். அந்தக் கொற்றத்துக்கு உரியவள் கொற்றவை. தொல்காப்பியம், போரின் தொடக்கமாகிய வெட்சித் திணையிலே ‘கொற்றவை நிலை’யைச் சேர்க்கிறது, அந்த வெட்சியைக் குறிஞ்சி என்னும் அகத்திணைக்கு இணையான புறத்திணை என்றும் சொல்கிறது. குறிஞ்சியின் தெய்வம் சேயோன். பத்துப்பாட்டில் முதலாவதாக வைக்கப்பட்டுள்ள திருமுருகாற்றுப்படையில் நக்கீரர், முருகனைக் ‘கொற்றவை சிறுவ’ என்றும் ‘தானைத் தலைவ’ என்றும் அடுத்தடுத்து விளிக்கிறார். வெற்றித் தெய்வத்தின் பிள்ளை, படைக்குத் தலைவன்: இந்த இரண்டும் ஒருங்கே நின்ற தெய்வத்தைத்தான் அம்மையார் நாள்தோறும் அழைக்கிறார். ஆகவே அந்தப் பெருமானிடம் வெற்றி கேட்பது புதிதும் இல்லை, தகாததும் இல்லை.

ஆனால் அந்தப் பெருமான் வென்ற விதம் என்ன? கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தில் ஆறு காண்டங்கள் உள்ளன. யுத்த காண்டத்துக்கு முன்னால் மகேந்திர காண்டம் என்று ஒன்று தனியே இருக்கிறது. அதன் பெரும்பகுதி தூதுக்குரியது. செந்திலில், அதாவது திருச்செந்தூரில், படையோடு தங்கிய பெருமான் உடனே வேலை எடுக்கவில்லை. அசுர வேந்தன் சூரபன்மனின் சிறையில் இருக்கும் இந்திரன் மகன் சயந்தனையும் தேவர்களையும் விடுவித்தால் போர் வேண்டியதில்லை என்று சொல்லி, தம் படைத்தலைவர் வீரவாகுதேவரைக் கடலுக்கு அப்பால் இருந்த அவன் தலைநகர் வீரமகேந்திரபுரத்துக்கு அனுப்பினார். சூரபன்மனின் தம்பியாகிய சிங்கமுகனே தன் அண்ணனிடம், தேவர்களை விட்டுவிடு என்று அறிவுரை சொல்கிறான். அண்ணன் கேட்கவில்லை. சொன்ன அறிவுரை பலிக்காமல் போன பின்னும், அண்ணனை விட்டு விலக மனமில்லாமல் அவனுக்காகவே போர்க்களம் புகுந்து மடிகிறான். வகுப்பில் இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் தழுதழுக்கும். உடன்பிறப்பின் கட்டு எத்தனை வலியது என்பதை, அசுரர் பக்கத்தில் வைத்துக் கூடக் குறைத்துச் சொல்லாத கவிஞர் அவர்.

முடிவும் எல்லாரும் அறிந்ததே. கடலில் மாமரமாக நின்ற சூரனை வேல் இரண்டாகப் பிளந்தது. பிளந்த கூறுகள் மயிலும் சேவலுமாக உருக்கொண்டு, அப்போதும் பகைமை தீராமல் பாய்ந்து வந்தன. அவற்றைப் பெருமான் அருள்நோக்கால் நோக்கினார், பகை அடங்கியது. மயில் ஊர்தியாயிற்று, சேவல் கொடியாயிற்று. ஐப்பசியில் அமாவாசைக்கு மறுநாள் தொடங்கிச் சஷ்டி வரை ஆறு நாள் விரதமிருந்து திருச்செந்தூர்க் கடற்கரையில் இலட்சக்கணக்கான மக்கள் காண்பது இந்தக் காட்சியைத்தான். நாம் அதைச் சம்ஹாரம் என்று அழைத்தாலும், ஆட்கொள்ளுதல் என்பதே அதன் உள்ளுறை. தோற்றவன் இன்றும் அவரோடு நிற்கிறான். நாம் கைகூப்பும்போது அவனையும் சேர்த்தே வணங்குகிறோம்.

இன்னொன்றையும் அம்மையார் கவனிக்க வேண்டும். சஷ்டி நாளில் முருகன் கோயில்களில் எல்லாம் சூரசம்ஹாரம் நடக்கும்போது, திருத்தணிகையில் மட்டும் அது நடப்பதில்லை. செரு என்றால் போர். செருவின் வெம்மை தணிந்த இடம் ஆதலால் செருத்தணி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். மற்ற ஊர்களில் வேல் பாயும் அதே நாளில் அங்கே மலர் சொரிந்து வழிபடுகிறார்கள். சினம் எழுந்த தலமும் சினம் தணிந்த தலமும் ஒரே தெய்வத்தின் படைவீடுகள். வழக்கு நடக்கும் காலத்தில் செந்திலாண்டவனையும் தணிகைநாதனையும் ஒருங்கே நினைத்துக்கொண்டு ஜபிக்க வேண்டும் என்று சொல்லத் தோன்றுகிறது.

கவசத்தைப் பற்றி ஒரு சொல். அதில் ‘குத்து, கட்டு’ என்றெல்லாம் கடுமையான ஏவல்கள் வருகின்றன. அவை பேய், பூதம், பில்லி, சூனியம் முதலியவற்றை நோக்கிச் சொல்லப்பட்டவை. பகைவரைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்தப் பாடல் கேட்பது வேறு: ‘மாற்றலர் எல்லாம் வந்து வணங்குவர்’ என்கிறது. மாற்றலர் மாண்டுபோவர் என்று சொல்லவில்லை. வந்து வணங்க வேண்டுமானால் அவர்கள் உயிரோடும் உறவோடும் இருந்தாக வேண்டும் அல்லவா?

தாங்கள் வேண்டும் வெற்றி, அண்ணன் தோற்றுத் தலைகுனிய வேண்டும் என்பதா, தங்கள் பாகம் தங்களுக்கு வர வேண்டும் என்பதா என்று தங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால் சங்கல்பத்தை அந்தச் சொற்களிலேயே செய்துகொள்ளலாம். தூது அனுப்பியாயிற்றா என்பதையும் எண்ணிப் பாருங்கள். நீதிமன்றங்களோடு இணைந்து சமரச மையங்கள் இயங்குகின்றன. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அங்கே அனுப்பும்படி வழக்கறிஞர் மூலம் கேட்கலாம். அதுவும் ஒரு வீரவாகு தூதுதான்.

மறுமொழி 4

ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கினேன். ஆயினும் அதைப் படித்துவிட்டு இந்தச் சகோதரி தம் வழக்கையே கைவிட்டுவிடுவாரோ என்ற அச்சம் எனக்கு வந்துவிட்டதால், மற்றொரு பக்கத்தையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் நான்கு பெண்கள். தந்தை காலமான பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே, “அண்ணன் தம்பியோடு பகை வேண்டாம், பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும்” என்று பெரியவர்கள் சொல்ல, நால்வரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வரிசையாக உட்கார்ந்து, எங்கள் பாகத்தை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். கட்டை விரலில் மை தடவி அழுத்தியபோது என் மூத்த அக்காவின் கை நடுங்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாகம் அவருக்கு மிகவும் தேவைப்பட்டது. வாசல் திறந்திருந்ததா என்றால், அடுத்த இரண்டு தீபாவளி வரைதான். அமைதிக்காக விட்டுக்கொடுக்கச் சொல்லும் அறிவுரை எப்போதும் பெண்ணிடமே வருகிறது. பக்தியின் பெயரால் வந்தால் அதை மறுக்க இன்னும் கடினமாகிவிடுகிறது.

கந்தபுராணத்தையே நானும் சாட்சிக்கு அழைக்கிறேன். தூது போனது உண்மை. தூது தோற்றது என்பதும் உண்மை. தூது தோற்றபின் பெருமான் திரும்பிப் போய்விடவில்லை. சிறையில் இருந்தவர்களை அப்படியே விட்டுவிடுவது கருணை ஆகாது என்பதால் வேல் புறப்பட்டது. மயில் கிடைத்தது வேல் பாய்ந்த பிறகே. உரிமையை நிலைநாட்டாமலேயே உறவு இனித்துவிடும் என்று அந்தக் கதை எங்கும் சொல்லவில்லை.

எனவே சகோதரி, வெற்றி வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள். நியாயமான பாகத்தைக் கேட்பது யாருக்கும் செய்யும் தீங்கு ஆகாது; அதில் பாவம் எங்கிருந்து வரும்? நாவில் அண்ணன் பெயர் வரவில்லை என்றீர்களே, அது தங்கள் அன்பின் அடையாளம். அந்த அன்பை வழக்கறிஞரிடம் பேசும்போது தளர்ச்சியாக மாற்றிவிடாதீர்கள். ஜபம் முடிந்ததும் எழுந்துபோய்ப் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முருகன் காப்பான் என்று சொல்லி ஆவணத்தைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 3-ஐ எழுதியவர் மீண்டும்

அம்மா எழுதியது முற்றிலும் சரி. என் எழுத்து விட்டுக்கொடுக்கச் சொல்வதாகப் பொருள்படுமானால் அது என் குறையே. தூது என்பது கோரிக்கையைக் கைவிடுவதாகாது. வீரவாகு போனபோதும் கேட்கப்பட்டது முழு விடுதலைதான். பாதிச் சிறையைத் திறந்தால் போதும் என்று அவர் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை நான் முன்பே தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மறுமொழி எழுதிய அனைவருக்கும் என் வணக்கம். பதில் எழுதச் சற்றுக் காலம் எடுத்துக்கொண்டேன். பெரியவர்கள் சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதல் மாலை வாய்விட்டு, இரண்டாவது உதட்டளவில், மூன்றாவது மனத்துக்குள் என்ற முறையை அன்று மாலையிலேயே தொடங்கினேன். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் நானும் இத்தனை நாளாக ‘வ’வை விழுங்கிக்கொண்டிருந்தேன் என்பது தெரிந்தது. நாணற்காட்டில் கிடக்கும் குழந்தை என்ற பொருள் மனத்தில் பதிந்ததும், எதிரில் வரும் அண்ணன் முகமும் மாறியது. தாழ்வாரத்தில் நிற்கும் முகம் வருவதில்லை; மழைக்காலத்தில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்காலைக் கடந்தபோது இருந்த பன்னிரண்டு வயது முகம் வருகிறது. அது வரும்போது ஜபம் நிற்பதில்லை.

வழக்கைக் கைவிடும் எண்ணம் எனக்கு இல்லை. விடுதலைப் பத்திரம் பற்றி எழுதிய சகோதரியின் மூத்த அக்காவை நினைத்துக்கொண்டு, வில்லங்கச் சான்றையும் மற்ற ஆவணங்களையும் ஒரே கோப்பில் அடுக்கி வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டேன். சமரச மையத்துக்கு அனுப்பும்படி கேட்கலாமா என்றேன். இரு தரப்பும் இணங்கினால் நல்லது என்றார். இணக்கம் கேட்டு நானே அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைக்க மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

தூது பற்றிய பகுதியை மகனிடம் வாசித்துக் காட்டினேன். இப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. முழுவதும் கேட்டுவிட்டு, “மாமா மடியில உட்கார்ந்து காது குத்திக்கிட்டவன் நான்தானே, நானே போறேன்மா” என்றான். என்ன பேச வேண்டும் என்று இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். என் பாகத்தில் ஒரு சென்ட்டும் குறைத்து எழுதவில்லை. கடுஞ்சொல் ஒன்றும் எழுதவில்லை.

மாலையைப் புதிய நூலில் கோத்துவிட்டேன். அம்மாவின் அரக்கு இழையை மட்டும் எறிய மனமில்லாமல் மேருமணிக்குக் கீழே முடிந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் விரல் அங்கே வந்து திரும்புகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் மாமா வீட்டுக்குப் புறப்படுகிறான். வாய்தா அதற்கு அடுத்த வியாழக்கிழமை. இரண்டுக்கும் சேர்த்து, என் பாகம் எனக்கு வர வேண்டும், அண்ணன் என்னோடு பேச வேண்டும் என்று ஒரே சங்கல்பம் செய்துகொண்டு அமர்கிறேன்.